பல் கம்பி வலிக்கு ஒரு பெட்டி மெழுகு: இருபது மாதப் பயன்பாட்டுக்குப் பின்

தீப்பெட்டி அளவில் ஒரு பிளாஸ்டிக் பெட்டி, உள்ளே வரிசையாக ஐந்து வெண்ணிற மெழுகுக் குச்சிகள், மூடியின் உட்புறத்தில் கட்டைவிரல் நகமளவு ஒரு கண்ணாடி. பல் சீரமைப்புக் கம்பி அணிந்தவர்களுக்கென்று மருந்துக் கடைகளில் விற்கும் இந்த மெழுகை நான் இருபது மாதங்களாகப் பயன்படுத்தி வருகிறேன். தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில் சாட்ஸ்வொர்த்தில் இருக்கும் எங்கள் வீட்டில் குளியலறை அலமாரியில் ஒன்று, என் கைப்பையில் ஒன்று, மகளின் பள்ளிப் பையில் ஒன்று என எந்நேரமும் மூன்று பெட்டிகள் இருக்கும். ஒரு பெட்டியின் விலை ஏறக்குறைய ஒரு கால் பன்னி சௌவின், அதாவது கால் ரொட்டியைக் குடைந்து உள்ளே குழம்பு ஊற்றித் தரும் இங்குள்ள உணவின், விலைதான். கம்பி வலிக்காக இதுவரை நாங்கள் வாங்கிய எல்லாப் பொருள்களிலும் விலை குறைந்ததும் இதுவே, கொடுத்த காசுக்கு முழுமையாக உழைத்ததும் இதுவே. ஆயினும் இதை வாங்கும் பலர் இதனால் ஆகாத வேலைக்கு இதை வாங்கிவிட்டு, 'ஒன்றுக்கும் உதவவில்லை' என்று குறைப்பட்டுக்கொள்கிறார்கள். நானும் முதல் வாரத்தில் அப்படித்தான் சொன்னேன்.

கம்பி போட்டவருக்கு வரும் வலி ஒன்றன்று, இரண்டு. முதலாவது, பல்லின் வேரில் எழும் வலி. கம்பி மாட்டிய அன்றும், பிறகு ஒவ்வொரு முறை முறுக்கிவிட்ட அன்றும், உள்ளுக்குள் யாரோ இடைவிடாமல் அழுத்திக்கொண்டே இருப்பது போன்ற ஒரு கடுப்பு. எந்தப் பல் வலிக்கிறது என்று விரல் வைத்துக் காட்டவும் முடியாது. இரண்டாவது, சதையில் வரும் வலி. பல்லின் மேல் ஒட்டியிருக்கும் பிராக்கெட் என்ற சிறு உலோகத் துண்டின் விளிம்பும், கடைவாயில் நீட்டிக்கொண்டிருக்கும் கம்பியின் நுனியும் உதட்டின் உட்புறத்தையும் கன்னத்தையும் உரசிப் புண்ணாக்குவதால் வருவது அது. எங்கே வலிக்கிறது என்று நாக்கு நுனியால் துல்லியமாகத் தொட்டுக் காட்டலாம். மெழுகு இந்த இரண்டாவது வலிக்கானது. முதல் வலிக்கு இதை அப்புவது, தலைவலிக்குக் காலில் கட்டுப் போட்டுக்கொள்வது போன்றதுதான்.

எங்கள் வீட்டில் முதலில் கம்பி போட்டவள் என் மகள். பதின்மூன்று வயதில் அவளுக்கு மேல்வரிசையில் இருபுறமும் தெற்றுப்பல். திருநெல்வேலியில் இருக்கும் என் அம்மா, 'தெற்றுப்பல் சிரித்தால் அழகுதானே, அதை ஏன் இழுத்துக் கட்டுகிறீர்கள்' என்று தொலைபேசியில் வருத்தப்பட்டார். ஓராண்டு கழித்து என் முறை வந்தது. நாற்பத்தைந்து வயதில் அழகுக்காகப் போட்டுக்கொள்ளவில்லை; கீழ்வரிசை முன்பற்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி, இடுக்கில் உணவு தங்கி, ஈறு அடிக்கடி இரத்தம் கசிந்ததால் பல் மருத்துவரே சீரமைப்பு மருத்துவரிடம் அனுப்பிவைத்தார். ஆகவே இந்த மதிப்புரைக்கு ஒரு வீட்டில் இரண்டு வாய்களின் அனுபவம் இருக்கிறது. இதில் மூத்த அனுபவசாலி என் மகள்தான்.

நான் சனிக்கிழமைகளில் கோயில் கூடத்தில் பிள்ளைகளுக்குத் தமிழ் வகுப்பு எடுக்கிறேன். கம்பி போட்ட நான்காம் நாள் சனிக்கிழமை. வேர்வலி அதற்குள் அடங்கிவிட்டிருந்ததால் துணிந்து வகுப்புக்குப் போய்விட்டேன். ழகரப் பயிற்சிக்கு நாம் எல்லோரும் சொல்லிக்கொடுப்பது ஏழைக் கிழவன் வாழைப்பழத் தோலில் வழுக்கி விழுந்த கதைதானே! ழகரத்தில் தொல்லை இல்லை, நாக்கு உள்ளேதான் மடிகிறது. வகரம்தான் வதைத்தது. 'வாழை', 'வழுக்கி', 'விழுந்தான்' என்று ஒவ்வொரு முறையும் கீழுதடு மேற்பல் வரிசையைத் தொட்டு மீள வேண்டும். தொடும் இடத்தில் வரிசையாக உலோகம் இருக்கிறது. பகரமும் மகரமும் உதடுகளைக் கூட்டிப் பற்களின் மேல் அழுத்துவதால் அவையும் வலிக்கவே செய்தன. முக்கால் மணி நேரத்தில் கீழுதட்டின் உட்புறம் மிளகளவில் இரண்டு இடங்களில் தோலுரிந்துவிட்டது. அன்று மாலை மகள் தன் பெட்டியிலிருந்து ஒரு குச்சியை எடுத்து, 'அம்மா, பல்லைக் காட்டுங்கள்' என்றாள். மெழுகு வைக்கும் முறையை நான் அவளிடம்தான் கற்றேன்.

முறை என்று ஏன் சொல்கிறேன் என்றால், இதைத் தவறாக வைப்பது மிக எளிது. பெட்டியில் அச்சிட்டிருக்கும் மூன்று படங்கள் போதா. முதலில் கையைக் கழுவித் துடைக்க வேண்டும். குச்சியிலிருந்து துவரம்பருப்பளவு கிள்ள வேண்டும். அதற்கு மேல் எடுத்தால் உதடு புடைத்து, அந்தப் புடைப்பே புதிதாக உரசத் தொடங்கும். குறைவாக எடுத்தால் பிராக்கெட்டின் மூலைகள் மெழுகைக் கிழித்துக்கொண்டு வெளியே வந்துவிடும். கிள்ளியதைப் பெருவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் நடுவே வைத்துப் பத்துப் பதினைந்து முறை உருட்டினால் உடற்சூட்டில் இளகி உருண்டையாகும். இதற்கு அடுத்த படியைத்தான் எல்லோரும் தவறவிடுகிறார்கள்: உதட்டை விலக்கிப் பிடித்து, அந்தப் பிராக்கெட்டைப் பஞ்சினாலோ காகிதக் கைக்குட்டையின் நுனியாலோ ஈரமின்றி ஒற்றி எடுக்க வேண்டும். எச்சில் பட்ட உலோகத்தில் மெழுகு நிற்காது, ஐந்து நிமிடத்தில் நழுவி நாக்குக்கு வந்துவிடும். காய்ந்த பிராக்கெட்டின் மேல் உருண்டையை வைத்து, நடுவில் ஒரு முறை அழுத்தி, பிறகு நகத்தால் விளிம்புகளைச் சுற்றிலும் கம்பிக்கு அடியில் செருகினால் அது பல்லோடு பல்லாக உட்கார்ந்துகொள்ளும். கொழுக்கட்டையின் வாயை ஒட்டத் தெரிந்த கைக்கு இது இரண்டு நாளில் பழகிவிடும்.

வைத்த கணத்திலேயே பலன் தெரியும். மருந்தைப் போல அரை மணி காத்திருக்க வேண்டியதில்லை. கூர்மை மறைந்தவுடன் உதடு வழுவழுப்பான ஒன்றின் மேல் உரசத் தொடங்குகிறது. மெழுகு புண்ணை ஆற்றுவதில்லை, புண் தானே ஆறுவதற்கு இடம் விடுகிறது. என் இரண்டு புண்களும் நான்கு நாள்களில் ஆறின. அதற்குப் பிறகு உதட்டின் உட்புறம் சற்றே தடித்துக் கெட்டிப்பட்டுவிடுகிறது. வயல் வேலை செய்பவர் கையில் காய்ப்புக் காய்ப்பது போன்றதொரு ஏற்பாடு இது. எனவே முதல் மாதத்தில் நாளுக்கு ஐந்தாறு முறை தேவைப்பட்ட மெழுகு மூன்றாம் மாதத்தில் வாரத்துக்கு ஓரிரு முறை போதும் என்றாகிவிட்டது. முதல் மாதத்தில் மட்டும் இரண்டு பெட்டிகளைத் தீர்த்தேன். அடுத்த ஆறு மாதங்களுக்கு ஒரு பெட்டி போதுமானதாக இருந்தது.

குறைகளும் உண்டு. சாப்பாட்டுக்கு இது தாங்காது. சோற்றோடு குழைந்து விழுந்துவிடும். தவறி விழுங்கினால் கேடில்லை என்று மருத்துவர் சொல்லியிருக்கிறார், என்றாலும் சாம்பார் சாதத்தின் நடுவே மெழுகு பல்லில் சிக்குவது இனிய அனுபவமன்று. ஆகவே சாப்பிடும்முன் எடுத்துவிட்டு, சாப்பிட்டுப் பல் துலக்கிய பின் புதிதாக வைக்க வேண்டும். பழையதைத் திரும்ப வைப்பது அசுத்தம். சூடான தேநீர் பட்டால் இளகும். மஞ்சள் போட்ட எந்தக் குழம்பும் இதை மஞ்சளாக்கிவிடும். வகுப்பில் ஒரு சிறுமி என் பல்லில் சோளம் ஒட்டியிருப்பதாக அக்கறையோடு சொன்னாள். கடைவாய்ப் பற்களில் வைப்பது கடினம், அங்கே எச்சில் சுரப்பது ஓய்வதே இல்லை. புதினா மணமூட்டிய வகையும் கிடைக்கிறது. என் மகளுக்கு அது பிடிக்கும், எனக்குப் புண்ணின் மேல் அந்தப் புதினா சுரீரென்று எரிந்தது. புண் இருப்பவர்கள் மணமற்றதையே கேட்டு வாங்குவது நல்லது. மூடியில் இருக்கும் கண்ணாடி அலங்காரத்துக்குத்தான். அதில் ஒரு பல்லுக்கு மேல் தெரியாது.

மெழுகுக்குப் பதிலாகச் சிலிகான் பட்டைகளும் விற்கிறார்கள். விலை கூடுதல், பிடிப்பு உறுதியானது, மெழுகைவிட நேரம் தாங்குகிறது. ஆனால் விரல் ஈரமாக இருந்தால் ஒட்டவே ஒட்டாது, எடுக்கும்போது துண்டு துண்டாகப் பிய்கிறது. இரவு தூங்கும்போது வைக்க ஏற்றது என்பதைத் தவிர அதைப் பற்றிச் சொல்ல எனக்கு அதிகம் இல்லை.

மெழுகின் உண்மையான சோதனை ஏழாம் மாதத்தில் வந்தது. ஒரு வெள்ளிக்கிழமை பிற்பகல் கம்பி மாற்றினார்கள். எந்த மருத்துவமனை என்று இங்கே எழுதப்போவதில்லை. மாற்றியவர் அவசரத்தில் வலப்பக்கக் கடைசிப் பல்லைத் தாண்டி நீட்டிக்கொண்டிருந்த கம்பி நுனியை ஒட்ட நறுக்காமல் விட்டுவிட்டார். இரவு உணவின்போது கன்னத்தில் முள் குத்துவது போலிருந்தது. தொலைபேசியில் அழைத்தால் திங்கட்கிழமை வரச் சொல்லிப் பதிவு செய்யப்பட்ட குரல்தான் கேட்டது. கன்னச் சதைக்கும் கம்பி நுனிக்கும் இடையே பட்டாணியளவு மெழுகை வைத்து, இரண்டு மணிக்கொரு முறை மாற்றி, அந்த இரண்டரை நாளைக் கடத்தினேன். வழக்கமான துவரம்பருப்பளவு அங்கே போதவில்லை, நுனி மெழுகைத் துளைத்துவிட்டது. திங்கள் காலை நறுக்குவதற்கு முப்பது விநாடிகள்கூட ஆகவில்லை. அன்றிலிருந்து ஒவ்வொரு முறையும் நாற்காலியை விட்டு எழும்முன் நாக்கால் இரு கடைவாய்களையும் துழாவி, குத்துகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் இறங்குகிறேன். இதைப் படிப்பவர்களும் அப்படியே செய்யுங்கள். வெள்ளிக்கிழமை நேரம் கொடுத்தால் வேறு நாள் கேளுங்கள்.

இனி, மெழுகு தொட முடியாத வேர்வலிக்கு வருகிறேன். பல் தாடை எலும்பில் ஆணிபோல் நேரே அறையப்பட்டிருப்பதில்லை. வேருக்கும் எலும்புக்கும் நடுவில் ஏறத்தாழ 0.2 மில்லிமீட்டர் தடிமனுள்ள ஒரு நார்ப்படலம் இருக்கிறது. கம்பி பல்லை ஒரு திசையில் தள்ளும்போது அந்தப் பக்கத்துப் படலம் நசுங்கி, அங்கே இரத்த ஓட்டம் குறைந்து, புரோஸ்டாகிளாண்டின் முதலான வேதிப்பொருள்கள் சுரக்கின்றன. வலி உணர்வைத் தூண்டுபவை அவையே. நசுங்கிய பக்கத்து எலும்பைக் கரைத்துப் பல்லுக்கு வழிவிடும் செல்களை அழைத்துவருபவையும் அவையே. எதிர்ப்பக்கத்தில் புது எலும்பு படிகிறது. பல் நகரும் வேலை தொடங்கிவிட்டது என்பதன் அறிகுறியே வலி என்று இதனால்தான் சொல்கிறார்கள். இந்த வலி கம்பி மாட்டிய இரண்டு முதல் நான்கு மணி நேரத்துக்குள் தொடங்கும், மறுநாள் உச்சத்துக்குப் போகும், மூன்றாம் நாளிலிருந்து இறங்கும், ஒரு வாரத்தில் பெரும்பாலும் நீங்கிவிடும். இந்தக் கால அட்டவணையை யாராவது முன்கூட்டியே சொல்லியிருந்தால், இரண்டாம் நாள் இரவு 'இந்த வலியோடுதான் இனி இரண்டு ஆண்டுகளா' என்று நான் அழுதிருக்க மாட்டேன். மருத்துவமனையில் கொடுத்த தாளில் பல் துலக்கும் முறை ஒரு பக்கம் இருந்தது. வலியைப் பற்றி 'தேவையெனில் பனாடோ எடுக்கவும்' என்ற ஒரே வரி.

பனாடோ என்பது இங்கே பாராசிட்டமாலுக்கு ஊரறிந்த பெயர். அந்த ஒரு வரி தவறன்று, குறைவு. எப்போது எடுப்பது என்பதுதான் முக்கியம். வலி உச்சத்துக்கு ஏறிய பின் எடுப்பதைவிட, முறுக்குவதற்கு ஒரு மணி நேரத்துக்கு முன்பே ஒரு வேளை எடுத்துக்கொள்வது எனக்கு நன்றாக உதவியது. மருத்துவரிடம் கேட்டுக்கொண்டே அப்படிச் செய்யத் தொடங்கினேன். ஐபுபுரோஃபென் என்ற மற்றொரு வலி மாத்திரையை எடுக்கலாமா என்ற கேள்வி எல்லோருக்கும் வரும். அது புரோஸ்டாகிளாண்டினையே தடுப்பதால், தொடர்ந்து பல நாள்கள் எடுத்தால் பல் நகர்வு மந்தப்படக்கூடும் என்ற எண்ணத்தில் பல மருத்துவர்கள் பாராசிட்டமாலையே முதலில் சொல்கிறார்கள். ஓரிரு வேளைக்கு அந்தக் கவலை தேவையில்லை என்பதும் அவர்கள் சொல்வதுதான். பல ஆய்வுகளை ஒன்றுசேர்த்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பு 2017-இல் வெளியிட்ட தொகுப்பும், வலி மாத்திரை எடுப்பது எடுக்காமலிருப்பதைவிட நல்லது என்றும், இவ்விரண்டு மாத்திரைகளுக்கும் இடையே தெளிவான வேறுபாடு தெரியவில்லை என்றுமே முடிக்கிறது. வயிற்றுப்புண், ஆஸ்துமா, சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் ஐபுபுரோஃபென் பக்கம் கேட்காமல் போக வேண்டாம்.

இந்நாட்டுக்கே உரிய ஓர் எச்சரிக்கை. இங்கே மருந்தாளரிடம் கேட்டு வாங்கும் கூட்டு வலி மாத்திரைகள் பலவற்றில் பாராசிட்டமாலோடு கோடீன் என்ற அபின் வகை வலிமருந்தும் சேர்ந்திருக்கிறது. அதை ஒன்று போட்டுக்கொண்டு, 'இது வேறு மாத்திரைதானே' என்று பனாடோ இரண்டும் விழுங்கினால் பாராசிட்டமால் இரட்டிப்பாகிவிடும். பெரியவர்களுக்கு நாளொன்றுக்கு 4 கிராம், அதாவது 500 மில்லிகிராம் மாத்திரை எட்டு என்பதே உச்ச வரம்பு. பல் கம்பி வலிக்கு அதன் அருகில்கூடப் போக வேண்டியிராது. கோடீன் பழக்கமாகக்கூடியது; பல்லை நகர்த்தும் வலிக்கு அது அதிகப்படி. பிள்ளைகளுக்கு எடைக்கேற்ற அளவை அட்டைப் பெட்டியில் பார்த்தே கொடுக்க வேண்டும், பதினாறு வயதுக்குட்பட்டவர்களுக்கு ஆஸ்பிரின் கொடுக்கவே கூடாது.

மாத்திரையை விடுத்து, எனக்கு வியப்பூட்டிய ஒன்று குளிர்ந்த நீர். தொடக்க மாதங்களில் பலருக்குப் போடும் மெல்லிய கம்பி நிக்கல் டைட்டேனியம் கலவையால் ஆனது. அதில் வெப்பத்தால் செயல்படும் வகை ஒன்று உண்டு. வாயின் சூட்டில் அது விறைத்துத் தன் பழைய வளைவுக்குத் திரும்ப முயன்று பல்லை இழுக்கும், குளிர்ந்தால் தளர்ந்து இழுவை குறையும். குளிர்நீரை வாயில் அரை நிமிடம் வைத்திருந்தால் கடுப்பு இறங்குவதற்கு ஈறு மரத்துப்போவது மட்டும் காரணமன்று, கம்பியே அந்தச் சிறு பொழுதுக்குப் பிடியை விடுகிறது. இந்தச் செய்தியின் மறுபக்கம் எனக்குக் கசந்தது: காலையும் மாலையும் ஆவி பறக்கத் தேநீர் குடிக்கும் பழக்கமுள்ளவள் நான். ஒவ்வொரு மிடறுக்கும் முன்பற்கள் 'விண்'ணென்று தெறித்ததன் காரணம் அப்போதுதான் புரிந்தது. முறுக்கிய மூன்று நாள்களுக்கு மட்டும் ரூய்போஸ் என்ற இங்குள்ள மூலிகைத் தேநீரை ஆறவைத்துக் குடிக்கிறேன். அது தேநீரே இல்லை என்பது வேறு விஷயம்.

சர்க்கரையற்ற சூயிங் கம் மெல்வதும் வலியைக் குறைக்கிறது. கடிக்கும்போது நார்ப்படலத்தில் இரத்த ஓட்டம் மீள்வதே காரணம் என்கிறார்கள். கம் மென்றவர்கள் மாத்திரையைக் குறைவாக எடுத்தார்கள் என்று இங்கிலாந்தில் நடந்த ஒரு சோதனை காட்டியிருக்கிறது. 'கம்பி போட்டவர் கம் தொடவே கூடாது' என்று கேட்டு வளர்ந்த காதுக்கு இது புதிதாக இருக்கும். உங்கள் மருத்துவர் ஒப்புக்கொண்டால் பத்து நிமிடம் மென்று பாருங்கள். முதல் இரண்டு நிமிடம் கண்ணீர் வரும், பிறகு விட்டுவிடும். என் மகளுக்கு இது மாத்திரையைவிடப் பிடித்தது. பிடித்ததற்குக் காரணம் வலி மட்டும்தான் என்று நான் நம்பவில்லை.

அலமாரியில் தூசி படிந்து கிடப்பவை பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். மரத்துப்போகச் செய்யும் ஜெல் புண்ணின் மேல் பத்து நிமிடம் உதவும், வேர்வலிக்குச் சுத்தமாக உதவாது. பென்சிடமின் என்ற வலிநீக்கி கலந்த வாய் கொப்பளிப்பு மருந்து பல புண்கள் ஒரே நேரத்தில் வந்தபோது நிம்மதி தந்தது. அதில் குளோர்ஹெக்சிடின் என்ற கிருமிநாசினியும் சேர்ந்திருக்கிறதா என்று பாருங்கள், இருந்தால் வாரக்கணக்கில் பயன்படுத்த வேண்டாம். தேநீர் குடிக்கும் நம்மவர்களுக்குப் பற்களில் கறை பிடித்துவிடும், பிராக்கெட்டைச் சுற்றி வளையமாக. அதைவிட ஒரு குவளை வெதுவெதுப்பான நீரில் அரைத் தேக்கரண்டி உப்புப் போட்டுக் கொப்பளிப்பது எளிது, செலவுமில்லை. பக்கத்து வீட்டு ஆயா அன்போடு கொடுத்தனுப்பிய கிராம்பு எண்ணெயைப் பஞ்சில் தோய்த்து அப்படியே வைத்ததில் ஈறு வெந்து வெளுத்துவிட்டது. கிராம்பு எண்ணெயை நீர்க்கச் செய்யாமல் சதையில் படவிடக் கூடாது என்பதை ஆயாவிடம் சொல்லவில்லை, அவர் 'சுகமா' என்று கேட்டபோது 'சுகம் ஆயா' என்றே சொன்னேன்.

வாயில் கடித்துக்கொண்டால் அதிர்ந்து வலியைக் குறைத்துப் பல்லையும் விரைவாக நகர்த்தும் என்று விளம்பரப்படுத்தப்படும் கருவி ஒன்றை என் கணவர் பல மாதச் சம்பாத்தியத்தை எடுத்து வைத்து வாங்கித் தர முன்வந்தார். கட்டுப்படுத்தப்பட்ட சோதனையில் அத்தகைய அதிர்வு வலியையும் குறைக்கவில்லை, வேகத்தையும் கூட்டவில்லை என்று படித்ததைக் காட்டித் தடுத்துவிட்டேன். ஆகவே அதைப் பற்றிய என் மதிப்புரை, வாங்காதவளின் மதிப்புரை.

உணவு விஷயத்தில் சாட்ஸ்வொர்த் நமக்குச் சாதகமான ஊர். என் மகளுக்கு முதன்முதலில் கம்பி மாட்டியது ஓர் ஆடி மாதத்தில். இங்குள்ள தமிழ்க் குடும்பங்கள் மாரியம்மனுக்குக் கூழ் ஊற்றும் காலம் அது. ஆங்கிலத்தில் 'பாரிட்ஜ் பிரேயர்ஸ்' என்றே எல்லோரும் சொல்வார்கள். மக்காச்சோள மாவைப் புளிக்கவைத்துக் காய்ச்சிய அந்தக் கூழைப் பல்லே படாமல் குடிக்கலாம்; கூட வைக்கும் பூசணிக் கறி நாக்கால் நசுக்கினாலே கரையும். இரண்டாம் நாள் வலியின் உச்சத்தில் இருந்தவள் கோயிலில் மூன்று குவளை குடித்துவிட்டு, 'அம்மன் என் கம்பிக்கு நாள் பார்த்துக் கொடுத்திருக்கிறாள்' என்றாள். மற்ற நாள்களில் அமாசி கைகொடுக்கும். ஜுலு மக்களின் அந்தப் புளித்த பாலைக் குழைந்த சோற்றில் விட்டுப் பிசைந்து, உப்பும் இஞ்சித் துருவலும் சேர்த்தால் ஊர்த் தயிர்சாதத்துக்கு மிக அருகில் வந்துவிடும். பீன்ஸ் பன்னி சௌவும் சாப்பிடலாம், உள்ளிருக்கும் மிருதுவான ரொட்டியைக் குழம்பில் ஊறவிட்டு. மேலோட்டை மட்டும் கணவரிடம் தள்ளிவிட வேண்டும். பில்டாங் என்னும் உலர் இறைச்சி, ரஸ்க், கடற்கரையில் சுட்டு விற்கும் சோளக்கதிர், தீபாவளி முறுக்கு இவை நான்கும் விலக்கப்பட்டவை. நான் முறுக்கில்தான் ஒரு பிராக்கெட்டைப் பெயர்த்துக்கொண்டேன். அதுவும் என் கையால் சுட்ட முறுக்கு.

யார் எத்தனை வாங்கலாம்? கம்பி மாட்டப்போகும் நாளுக்கு முன்பே இரண்டு பெட்டிகள் வாங்கி வையுங்கள். மருத்துவமனையில் இலவசமாகக் கொடுப்பது ஒரு பெட்டிதான், அது முதல் பத்து நாளில் தீர்ந்துவிடும். கடைவாய்ப் பற்களுக்கிடையே ஒரு வாரம் செருகி வைக்கும் ரப்பர் வளையங்களின் வலிக்கு மெழுகு பயன்படாது, அதற்கு வாங்க வேண்டாம். பற்களின் மேல் பிளாஸ்டிக் உறை மாட்டும் முறையில் சிகிச்சை பெறுபவர்களுக்கும் பெரும்பாலும் தேவைப்படாது. பேச்சே தொழிலாக உள்ள ஆசிரியர்கள், ஓதுவார்கள், தொலைபேசியில் வேலை செய்பவர்கள் ஒரு பெட்டி கூடுதலாக வாங்கிக்கொள்ளலாம். புண் இரண்டு வாரத்துக்கு மேல் ஆறாமலிருந்தாலோ, வலி ஒரு பல்லில் மட்டும் நின்று துடித்தாலோ, முகம் வீங்கினாலோ மெழுகைத் தேடாமல் மருத்துவரைப் பாருங்கள்.

தயாரிப்பாளருக்கு ஒரு வேண்டுகோள் உண்டு என்றால் அது பெட்டியைப் பற்றியது. பிப்ரவரி மாதத்து டர்பன் வெயிலில், பூட்டிய காரில், கைப்பையின் பக்கவாட்டுப் பையில் ஒரு பெட்டியை மறந்து வைத்துவிட்டேன். மாலையில் எடுத்துப் பார்த்தபோது ஐந்து குச்சிகளும் ஒன்றாய்ச் சேர்ந்து, மூடியின் விளிம்பு வழியாகக் கசிந்து, வகுப்புப் பிள்ளைகளின் வருகைப் பதிவேட்டில் நான்கு பக்கங்களை ஒட்டிவிட்டிருந்தன. அந்தச் சனிக்கிழமை நான்கு வாரத்து வருகையை நினைவிலிருந்து எழுத வேண்டியதாயிற்று. மூடியைச் சற்று இறுக்கமாக்கினால் நல்லது; இப்போதைக்கு நான் பெட்டியைச் சுற்றி ஒரு ரப்பர் வளையம் போட்டு வைத்திருக்கிறேன்.